சீயக்காய் போட்ட லென்ஸ்

போன வாரம் என் பழைய சிநேகிதன் காசிம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவோடு வந்தான். மூடியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசம் குப்பென்று அடித்தது. உள்ளே இருந்தது என்னவென்று எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவனுடைய அந்தக் காலத்துக் கேமரா லென்ஸ்.

"ஏலே, இதைக் கொஞ்சம் சரி பண்ணித் தா. எம் பேத்திய இதுலதான் எடுக்கணும். உம்மா முகத்துல வந்த நூரு இவ முகத்துலயும் வருதான்னு பாக்கணும்லா."

நூர் என்றால் ஒளி. சொல்லிக்கொண்டே பர்சிலிருந்து அந்தப் படத்தை எடுத்துக் காட்டினான். எப்போது வந்தாலும் காட்டுவான். அவனுடைய உம்மா நிற்கிறார், பின்னால் அருவி. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை வெளிச்சம்.

பழைய லென்சுகளின் கண்ணாடி மேல் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. சாய்த்துப் பார்த்தால் நாவல்பழத் தோல்போல ஊதாவாக மினுங்கும். எதிர்வெயில் புகுந்து படத்தை வெளிறவைக்காமல் காப்பது அதுதான். உள்ளே பிடித்த பூஞ்சையை நான் எடுத்துவிடுவேன்; அந்த வேலைக்காக இன்றைக்கும் தென்காசியில் என்னைத் தேடி நாலு பேர் வருகிறார்கள். போன பூச்சைத் திரும்பப் பூச என் மேசையில் வழியில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுவில் ஊதாவே இல்லை, வட்ட வட்டமாகக் கீறல்.

"தம்மாம் மணலு தின்னுட்டுலே. எங் கூறுகெட்டதனம், மூடி போடாம வச்சிருந்தேன்" என்றான். சவூதியில், தம்மாமில் வேலை பார்த்தவன்.

மணல் இல்லை. நான்தான்.

அப்போது எங்கள் இருவருக்கும் இருபத்திரண்டு வயது. நான் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். சீசன் வந்தால் குற்றாலத்து அருவிக்கரையில் நின்று, குளிக்க வருகிறவர்களைப் படம் எடுப்பேன். தன் வாப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்த கேமராவைக் காசிம் எனக்கு இரவல் தருவான். ஒரு நாள் இருவரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டோம். அருவிக்கரையில் கூலிக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் கை பட்டால் ஆள் பாதி மயக்கத்தில்தான் எழுந்திருப்பான். அந்த மயக்கத்தில் கேமராவை எடுத்து, லென்சின் நட்டநடுவில் கட்டைவிரலைப் பதித்துவிட்டேன். காசிம் அருவிக்கு அடியில் நின்றான். எண்ணெய் போக என்ன செய்வோம்? சீயக்காய்ப் பொட்டலத்தை உடைத்தேன். தலைக்கு ஆகும் என்றால் கண்ணாடிக்கு ஆகாதா என்று யோசித்த பெரிய மூளை எனக்கு. சொட்டுத் தண்ணீர் விட்டுத் துண்டு முனையால் நறநறவென்று தேய்த்தேன். எண்ணெய் சுத்தமாகப் போனது. ஊதாவும் போனது.

அவனிடம் சொல்லவில்லை. வெயில் எனக்கு முதுகுப்பக்கம் இருந்தால் படம் நன்றாகவே விழுந்தது, தப்பித்துக்கொண்டேன்.

அடுத்த மாதமே அவனுக்கு விசா வந்தது. போகும் முன் உம்மாவை ஒரு படமாவது எடுத்துவிடத் துடித்தான். "படம் இருக்க வீட்டுக்கு மலக்கு வராதுப்பா" என்று, வானவர்கள் வராமல் போவார்களே என்ற பயத்தில், அவர் அதுவரை படத்துக்கு நின்றதே இல்லை. மகன் கெஞ்சியதில் ஐந்தருவிக்கு வந்தார். "ஒண்ணே ஒண்ணுதான். சீக்கிரம் எடு ராசா." வெயில் அவருக்குப் பின்னால்; காசிமும் அந்தப் பக்கம் நின்று குளிக்கிறவர்களை ஒதுக்கிக்கொண்டிருந்தான். கேமராவில் கண்ணை வைத்தபோதே முகம் புகைந்தது. சாரலாக இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு அழுத்தினேன். இன்னொன்று கேட்பதற்குள் முக்காட்டை இழுத்துவிட்டு நடந்துவிட்டார்.

கேமராவோடு காசிம் தம்மாம் போனான். இரண்டாம் வருடம் உம்மா இறந்தார், அவனால் வர முடியவில்லை. "பாத்தியாலே, எங்க உம்மா முகத்துல நூரு" என்று அங்கிருந்து எழுதினான். நான் ஆமாம் என்று பதில் போட்டேன். வெட்கமாக இருக்கிறது.

பேத்தியின் முகத்தையும் அந்த லென்சுக்குக் கொடுக்க இந்த முறை மனம் வரவில்லை.

"காசிம், மணலு இல்லலே. நாந்தான். நீ அருவியில நிக்கும்போது சீயக்காய் போட்டுத் தேச்சுட்டேன். அந்த வெளிச்சம் அதனால வந்ததுதான்."

அவன் நாலு வசவு வைதிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப உம்மா மொகம் அங்கன தெளிவாத்தான் இருந்திச்சா?"

"இருந்திச்சு."

"எப்படிலே இருந்தா? சிரிச்சாளா?"

நினைத்து நினைத்துப் பார்த்தேன். எனக்கும் அந்த வெள்ளைதான் வந்தது.

அருவிக்கரையில் இப்போது எல்லார் கையிலும் ஃபோன். பேத்தியையும் அதிலேயே எடுத்துவிட்டானாம். நேற்று வந்திருந்தான். டீ குடித்தான், சர்க்கரை வியாதியைப் பற்றி வெகுநேரம் பேசினான். பர்சை வெளியே எடுக்கவில்லை.