எளிமையா வா அக்கா

தங்கை மகளின் நிச்சயத்துக்கு முந்தின நாள் தங்கையே போன் செய்தாள்.

"அக்கா, பட்டு உடுத்த வேண்டாம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எளிமையானவங்க. நாங்களும் காட்டன்தான். கிறிஸ்மஸுக்கு எடுத்துத் தந்தேன்லா, நீலச் சுங்குடி, அதக் கட்டிட்டு வா."

நான் தேவிகுளத்துக்குப் பக்கத்தில் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறேன். எஸ்டேட்டின் ஒரே லயத்து வீட்டில் என்னோடு வளர்ந்த தங்கை மூணாறில் டீச்சர். பட்டுக்கென்று புது ஜாக்கெட் தைத்து வைத்திருந்தேன். அவர்கள் வீட்டு விசேஷம், அவர்கள் சொல்கிறபடி போவதுதான் மரியாதை என்று பட்டைப் பெட்டிக்குள் வைத்தேன். சுங்குடிக்குக் கஞ்சி போட்டு, தேய்த்துக் கட்டிக்கொண்டு போனேன்.

கூடம் முழுக்கப் பட்டு. தங்கையும் அரக்குப் பட்டில் நின்றாள். கடைசி நேரத்தில் மனசு மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "அக்கா, அடுக்களைல டீ இருக்கு, கொண்டாந்து குடு" என்று மெல்லச் சொன்னாள். பெண்ணின் பெரியம்மா டீ கொடுப்பதில் என்ன குறை? கொடுத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா கிழக்குப் பாலக்காட்டுக்காரர். டீயை வாங்கிக்கொண்டு தங்கையிடம் கேட்டார்: "ஏனுங்க, இந்தம்மா உங்க ஊட்ல வேலைக்கு இருக்கறவங்களா?"

"ஆமாங்க" என்றாள் தங்கை, சிரித்துக்கொண்டே.

தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனேன். அவளும் பின்னாலேயே வந்தாள்.

"ஏட்டி, ஏன் அப்படிச் சொன்ன?"

"கோவப்படாதக்கா. பெரியம்மா கொழுந்து எடுக்கான்னு அவங்ககிட்ட சொல்லல. கல்யாணம் முடியட்டும், பொறவு சொல்லிக்கிடலாம்."

"அதுக்குத்தான் சுங்குடி கட்டச் சொன்னியா?"

அவள் குழாயைத் திறந்து கப்புகளைக் கழுவத் தொடங்கினாள்.

கூடத்துக்குத் திரும்பினேன். மாப்பிள்ளையின் அம்மா முன்னால் போய் நின்று, "நான் பொண்ணோட பெரியம்மா. எஸ்டேட்டுல கொழுந்து எடுக்கேன்" என்றேன்.

அவர் சட்டென்று எழுந்துவிட்டார். "அய்யோ, தெரியாம கேட்டுப்போட்டனுங்க. வாங்க, இங்க உக்காருங்க" என்று கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

யாரோ ஒருத்தர் கொடுத்த அந்த இடத்தில்தான் நிச்சயம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். எதிரே நின்ற தங்கை ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. போய் வாழ்த்திவிட்டும் வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை இப்போதும் போன் செய்கிறாள். மழையைப் பற்றிப் பேசுவாள், என் முழங்கால் வலியை விசாரிப்பாள். நானும் பதில் சொல்கிறேன். அன்றைக்கு நடந்ததைப் பற்றி மட்டும் அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.