டாக்டர் எபனேசர் குணமாக்கிய பெண்

எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த டாக்டர் எபனேசர் இறந்த செய்தியைக் கண்ணமங்கலத்திலிருந்து வந்த காலைப் பஸ்ஸின் கண்டக்டர் கொண்டுவந்தார். டிக்கெட் பையோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "பெரிய டாக்டரு பூட்டாருங்க, விடியக்காலம்" என்றார். எங்கள் தலைமை நர்ஸ் ரூத் அக்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதார். நான் சோதனைக்கூடத்தில் மைக்ரோஸ்கோப்பின் முன்னால் இருந்தேன். பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து முடித்து, முடிவை எழுதிவிட்டுத்தான் எழுந்தேன்.

பத்து நாள் கழித்து ரூத் அக்கா என் மேஜைக்கு வந்தார். டாக்டருக்கு நினைவு மலர் போடுகிறார்களாம்.

"நல்லதா ரெண்டு பக்கம் எழுதிக் குடு. எந்நேரமும் புக்கும் கையுமா கீறியே, அதுக்காவது ஒதவட்டும்."

"நல்லதாவாக்கா?"

"செத்தவருடி."

"உயிரோட இருந்தப்பவும் நல்லதாத்தானே சொன்னோம்."

"அதையே எழுது. தீந்துது."

அதையே எழுத என்னால் முடியவில்லை. அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களுக்கும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம்.

முதலில் அவருடைய நல்லதை எழுதிவிடுகிறேன்; அது நீளமில்லை. நான் இருந்த வருஷங்களில் ஒரு நாள்கூட அவர் தாமதமாக வந்ததில்லை. பாம்பு கடித்து வந்த யாரையும் வேறு ஊருக்குப் போகச் சொன்னதில்லை. கையெழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். அந்தக் கையெழுத்தில் எழுதிய எதையும் அவர் ஒரு முறைகூடச் சந்தேகப்பட்டதில்லை.

சுத்தத்தில் அவருக்குப் பெரிய கவனம். மலையிலிருந்து வருகிறவர்கள் உட்கார அவருடைய அறையில் தனி ஸ்டூல் உண்டு. அவர்கள் எழுந்துபோனதும் ஆயா அதைப் பினாயில் போட்டுத் துடைக்க வேண்டும். "மலைக்கும் சோப்புக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது" என்பார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். நாங்கள் அடுத்துச் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். சம்பளம் வாங்குகிற இடத்தில் சிரிப்பதும் வேலையில் சேர்த்திதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

அவர் போட்ட சட்டங்களில் ஒன்று சிறுநீர் பற்றியது. காலையில் எழுந்ததும் வருகிற முதல் சிறுநீரை வீட்டிலேயே பிடித்துக்கொண்டு வர வேண்டும். வாசலில் பலகை தொங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பவர்களுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. நெல்லிவாசல்நாட்டு மலைக் கிராமங்களிலிருந்து வருகிற பெண்கள் இருட்டு பிரியும்முன் பிடித்து, மடியில் கட்டிக்கொண்டு, காட்டுப் பாதையில் நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம் நடந்து, வெயில் ஏறிய பிறகு என் ஜன்னலில் வைப்பார்கள். தைல பாட்டில், இருமல் மருந்து பாட்டில், ஓடையில் அலசிய சாராய பாட்டில். வாயில் தழையைச் சுருட்டி அடைத்திருப்பார்கள். தொட்டால் கதகதவென்றிருக்கும்.

ஒரு பெண் தேன் பாட்டிலில் கொண்டுவந்தாள். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கும் நீல மருந்தில் விட்டுச் சூடாக்கினேன். சர்க்கரைக்கு அடையாளமான செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டது. ஜன்னல் கட்டையில் அதற்குள் எறும்பு வந்திருந்தது. பாட்டிலில் ஒட்டியிருந்த தேன்தான், எறும்பே வந்துவிட்டது என்று போய்ச் சொன்னேன். "எறும்பு வந்தா சர்க்கரைதானேம்மா, அதுக்கு லேப் எதுக்கு?" என்றார் டாக்டர். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குச் சாமைச் சோற்றை நிறுத்தினார். அடுத்த மாதம் அவள் எலும்பும் தோலுமாக வந்து நின்றாள். "பத்தியம் சரியா இருந்திருக்கா" என்று மெச்சினார்.

தேனாவது எறும்புக்குத் தெரிந்தது. கிருமி விஷயம் அப்படியில்லை. ஆஸ்பத்திரியைச் சுற்றியிருந்த அடிவாரத்துப் பெண்களின் சிறுநீர் பெரும்பாலும் தெளிவாக இருந்தது. மலைப் பெண்களுடையதில் எல்லாம் கிருமிகள் நெளிந்தன. டாக்டருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. மலைக்கும் சோப்புக்கும் பேச்சுவார்த்தையில்லை. எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. உடம்புக்குள் அத்தனை கிருமி இருந்தால் அதோடு சண்டை போடும் சீழ் அணுக்களும் நிறைய இருக்க வேண்டும். இவர்களிடம் அவை இல்லை. தோலிலிருந்து உரிந்த செல்களும் கிருமிகளும்தான். வெளியிலிருந்து நாலு கிருமி பாட்டிலில் விழுந்தால் போதும். வெதுவெதுப்பில் அரை மணிக்கு ஒருதரம் இரண்டிரண்டாகப் பெருகி, ஐந்து மணி நேரத்தில் ஊராகிவிடும். இதை அவரிடம் சொன்னேன். "கதைப் புத்தகம் படிக்கிற பொண்ண லேப்ல வெச்சா கதைதான் வரும்" என்றார்.

சடச்சி அடிவயிற்று வலி என்று புருஷனோடு வந்தது எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம். இரண்டு வயதுப் பெண் குழந்தை இடுப்பில் இருந்தது. தைல பாட்டில் கொண்டுவந்திருந்தாள். நான் 'கிருமிகள் மிக அதிகம்' என்று எழுதினேன். இருந்தது அதுதான்; சீழ் அணு இல்லை. ஏன் என்று கேட்கும் இடம் அந்தச் சீட்டில் இல்லை. வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி டாக்டர் புருஷனிடம் சொன்னார்:

"உள்ள பூராவும் கிருமி. இன்னாப்பா பொண்டாட்டி வெச்சிருக்க?"

"ஒட்டுவாரொட்டிங்களா சாமி?"

"ஒட்டாம? சமைக்க வுடாத. புள்ளைய பக்கத்துல படுக்க வெக்காத. பத்து நாளைக்கு ஊசி."

வலி ஒரு வாரத்தில் போய்விட்டது. ஆனால் ஊசி முடிந்து அவள் மறுபடியும் பாட்டிலோடு நடந்து வந்தாள், மறுபடியும் கிருமி. மறுபடியும் ஊசி. மூன்றாவது தடவை தனியாக வந்தாள். புருஷன் வீட்டார் அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். குழந்தை மாமியாரிடம்.

"இன்னும் பால் மறக்கலக்கா அது" என்றாள். "எட்ட நின்னு பாத்துட்டுப் போன்னு சொல்றாங்க. எப்பக்கா இது போவும்?"

பாட்டிலை வாங்கிக் கொட்டினேன். தண்ணீரும் கொதிக்க வைத்த கிண்ணமும் கொடுத்து, கழுவிவிட்டு, முதலில் வருவதைக் கீழே விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்கச் சொன்னேன். சிரித்தாள். "இதுக்குக்கூட பள்ளிக்கூடமாக்கா?" சூடு ஆறும்முன் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. வேறு இரண்டு நாள் வரச்சொல்லிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

டாக்டரிடம் கொண்டுபோனேன். "மத்தியான யூரின்ல இன்னா தெரியும்? காலையில வர்ற மொதல் யூரின்னு போர்டு எழுதியிருக்கேன், படிக்கத் தெரியும்தானே?" என்றார்.

அதன் பிறகு நான் செய்ததை மரியாதைக் குறைவு என்று சொல்லலாம். மாதம் ஒருமுறை டாக்டர் தன்னுடைய சிறுநீரைச் சர்க்கரை பார்க்கக் கொடுத்தனுப்புவார். அந்த மாதம் வந்ததை எட்டு மணிக்குப் பார்த்தேன். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மிச்சத்தை ஓடையில் அலசிய ஒரு தைல பாட்டிலில் ஊற்றி, தழையால் அடைத்து, துணியில் சுற்றி வெயில் படுகிற ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு மணிக்கு மறுபடி பார்த்தேன். பெயர் போடாமல் முடிவை எழுதி, மலைப் பெண்களின் சீட்டுகளுக்கு நடுவில் வைத்து டாக்டர் மேஜைக்குக் கொண்டுபோனேன்.

வழக்கம்போல் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவர் அதில் நின்றார்.

"யாரும்மா இது, பேரே இல்ல? இன்னா பொம்பள இவ, உள்ள பன்னி வளக்கிறாளா?"

"அது உங்களுதுங்க டாக்டர்" என்றேன்.

ரூத் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வரிசையில் ஒரு கிழவி, "இன்னாவாம்?" என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள். டாக்டர் எழுந்து போய்க் கைகழுவினார். நெடுநேரம் கழுவினார்.

ஒரு வாரத்தில் பலகை மாறியது. 'சிறுநீரை இங்கேயே புதிதாகத் தர வேண்டும்.' போன வாரம் இரங்கல் கூட்டத்தில் பேசிய ஒருவர், இந்தப் பக்கத்தில் இப்படியொரு முறையைக் கொண்டுவந்த முதல் டாக்டர் அவர்தான் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ரூத் அக்காவும்.

பலகை மாறினால் சடச்சி வீட்டுக்குப் போய்விட முடியாது. அவள் புருஷனைக் கூப்பிட்டு, அவளுக்கு நோயே இருந்ததில்லை என்று ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டேன்.

"நான் தப்புன்னு நானே சொல்லணுமா? அவன்கிட்டயா?" பேனாவின் மூடியைத் திருகினார். பிறகு ஒரு தாளை இழுத்து அந்த அழகான கையெழுத்தில் எழுதினார்: 'நன்றாகக் குணமாகிவிட்டது. இனி பயமில்லை.' கையெழுத்து, முத்திரை. "இதக் குடு, சேத்துக்குவானுங்க. ஊசிக்கு ஊசியும் வீணாப் போவல."

நான் அதை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். குழந்தை தாயை விட்டுப் பிரிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் இடம்பிடித்துப் போய், இறங்கி நடந்தேன். சடச்சி தாய் வீட்டிலிருந்து வந்து என்னோடு சேர்ந்துகொண்டாள். புருஷன் வீட்டு வாசலில் நின்று முதலில் உண்மையைத்தான் சொன்னேன். நடந்து வரும் நேரத்தில் பாட்டிலுக்குள் சிறுநீர்தான் கெட்டது, உடம்பு கெடவில்லை என்று என்னால் முடிந்தவரை விளக்கினேன். மாமியார் முழுவதும் கேட்டுவிட்டு, "நீ இன்னா டாக்டரா?" என்றாள். அப்புறம் பையிலிருந்து சீட்டை எடுத்துப் படித்தேன். அவள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றி, கூரையில் செருகிவிட்டு, உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிவந்து கொடுத்தாள். உண்மையை ஒரு நாழிகை சொன்னேன். பொய்யைப் படிக்க ஒரு மூச்சு போதுமாக இருந்தது.

பாதை வரை சடச்சி வழியனுப்ப வந்தாள். குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. அவள் மெதுவாகக் கேட்டாள்:

"எனக்கு ஒண்ணுமே இல்லன்னு நீதானக்கா சொன்ன?"

"ஆமா."

"அப்போ இன்னாக்கா கொணமாச்சி?"

ஜீப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பிறகு மலையிலிருந்து பல பெண்கள் வந்து, சடச்சிக்குப் போட்ட அந்த ஊசியையே தங்களுக்கும் போடச் சொல்லிக் கேட்டார்கள். அவர் போட்டார். அவர் ஓய்வு பெற்றுப் போகும்வரை ஒரே கட்டடத்தில் இருந்தோம். தினமும் அவருக்குக் காலை வணக்கம் சொன்னேன். சடச்சி கேட்டது அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. அதை ஒரு நாளும் நான் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. அவர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.