முதுகுவலியும் கிராபிக்ஸ் கார்டும்

என் முதுகில் ஒரு கோளாறும் இல்லை. என்றைக்கும் இருந்ததில்லை!

இதைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. சரி, ஆரம்பித்தாயிற்று... மிச்சத்தையும் கேளுங்கள்.

அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஆள். கறுத்த மாப்பிள்ளையைச் சிவக்க வைப்பேன். செத்தவர் முகத்தில் சிரிப்பை வரவழைப்பேன். பந்தியில் நான் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரனுக்குப் புரையேறும். அப்படிப்பட்டவன், இருபது வருடங்களுக்கு மேலாக, ஒரே ஒரு மனிதனிடம் மட்டும் சிரிக்காமல் ஒரு பொய்யைச் சொல்லி வருகிறேன்.

அந்த மனிதன் சவரிமுத்து. நல்லம்பள்ளிப் பக்கம். லாரி டிரைவர். மாதம் ஒருமுறை மாதா கோயிலுக்குப் போய், கூண்டுக்குள் இருக்கும் பாதிரியாரிடம் செய்த பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, லோடு இறக்கிய வண்டி மாதிரி லேசாகத் திரும்பி வருவான். எங்களுக்கு அந்த வசதி இல்லை. சாமியிடம் சொன்னால் பூசாரி காதில் விழும், பூசாரி காதில் விழுந்தால் ஊருக்கே மைக் வைத்த மாதிரி. ஆகவே எனக்கு நீங்கள்தான் அந்தக் கூண்டு. தயவுசெய்து அவனிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

நாங்கள் இருவரும் ஒரே முதலாளியிடம் வண்டி ஓட்டினோம். அவன் ஓட்டுவான், நான் பழகுவேன். சீக்கிரமே சொந்தமாக ஒரு லாரி எடுப்பது என்று திட்டம். ஒருவன் ஓட்ட, ஒருவன் தூங்க, நாக்பூர் வரைக்கும் சக்கரம் நிற்கக் கூடாது. வண்டி வருவதற்கு முன்பே சண்டை வந்துவிட்டது. முகப்பில் யார் படம்? அவனுக்கு மாதா, எனக்கு முனியப்பன். கடைசியில் இடது பக்கம் மாதா, வலது பக்கம் முனியப்பன், நடுவில் எலுமிச்சம்பழம் பொது என்று ராசியானோம். அந்தப் படத்தை நான்தான் வரைந்து வைத்தேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த முகப்பு தெரிகிறது... இல்லாத லாரியின் முகப்பு!

ஒருநாள் பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்குத் தக்காளி லோடு. சமவெளியில் நான்தான் ஓட்டிவந்தேன். தொப்பூர் கணவாயின் மேலே வந்ததும் இடத்தை மாற்றிக்கொள்வது வழக்கம். அன்றைக்குச் சவரி நகரவில்லை.

“இன்னிக்கு நீ எறக்குடா மாப்ள. நான் ஒக்காந்து வேடிக்க பாக்கறேன்.”

கணவாயைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தர்மபுரியிலிருந்து சேலம் போகிற சாலை அங்கே திடீரென்று கீழே விழுகிறது. ஏறுகிறவன் இஞ்சினைத் திட்டுவான், இறங்குகிறவன் சாமியைக் கூப்பிடுவான். தூறல் வேறு. முதல் வளைவில் பள்ளத்தை ஒட்டிய தடுப்புச் சுவர் உடைந்திருந்தது. அதை உடைத்துக்கொண்டு போன வண்டி எங்கே என்று பார்க்க என் கண் கீழே போயிற்று. அவ்வளவுதான். கால் இருக்கிறது, பிரேக் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஆள் இல்லை! எப்படியோ ஓரமாக நிறுத்தினேன். சட்டை நனைந்துவிட்டது. மழை உள்ளே பெய்யவில்லை.

“மாப்ள... முதுகு புடிச்சிக்கிச்சு,” என்றேன்.

“எங்கடா?”

“இடுப்புக்கு மேல. எடது பக்கம்.”

சவரி என்னைத் தாங்கிப் பக்கத்து சீட்டுக்கு நகர்த்திவிட்டு வண்டியை இறக்கினான். வலது கை ஸ்டியரிங்கில். கியர் மாற்றாத நேரமெல்லாம் அவன் இடது கை என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தது. அந்தக் கையை நான் எப்படி மறப்பேன்?

மறுநாள் சொல்லியிருக்கலாம். பயம்டா என்று ஒரு வார்த்தை. விழுந்து விழுந்து சிரித்திருப்பான், பிறகு பத்துத் தடவை கூட உட்கார்ந்து பழக்கியிருப்பான். ஏன் சொல்லவில்லை? ஊரையே சிரிக்க வைக்கிறவனுக்குத் தன்னைப் பார்த்து ஒருவன் சிரிப்பதைத் தாங்க முடியவில்லை... இவ்வளவு அற்பமான காரணம்தான். எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. “இது நரம்பு சமாச்சாரம், படத்துல தெரியாது” என்று நானே டாக்டரானேன்.

லாரி எடுக்கவில்லை. ஒற்றை ஆளாக அவனால் முடியாது, வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ளவும் மாட்டேன் என்றுவிட்டான். கடைசிவரை ஊரான் வண்டியையே ஓட்டினான், அதுவும் தனியாக. கேரளா லோடு போகும்போதெல்லாம் மஞ்சப்பையில் ஒரு பாட்டில் தைலம் வரும்.

“இது புதுசு மாப்ள. அங்க யானைக்கே இதத்தான் தடவறாங்களாம்.”

யானைக்கு வலி நிஜமாக இருந்திருக்கும். நான் மூடியைக்கூடத் திருகவில்லை. ஃபிளெக்ஸ் சுருள்களுக்குப் பின்னால் வரிசையாக நிற்கின்றன. என் மனைவி கலா ஒருநாள் தூசு தட்டும்போது கேட்டாள்: “ஏங்க, உங்களுக்கு முதுகு வலிச்சி நான் ஒருநாளும் பாக்கலியே?”

“ஆம்பள வலிய வெளிய காட்டமாட்டான்டி.”

“பல்லுவலிக்கு மட்டும் தெருவையே கூட்டுனீங்க.”

நான் ஒரு மாப்பிள்ளையைச் சிவக்க வைக்கப் போய்விட்டேன்.

கடையைத் தாண்டும்போது சவரி இரண்டு குட்டை ஹாரன், ஒரு நெட்டை ஹாரன் அடிப்பான். கையில் என்ன வேலை இருந்தாலும் வாசலுக்கு ஓடுவேன். பின்பக்க விளக்கு மறைகிறவரை நிற்பேன். அந்த வண்டியின் இடது சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியவன் நான்... எங்கிருந்தோ போன் செய்வான். “இங்க ரோட்டோரம் பூரா ஆரஞ்சுத் தோப்புடா. வாசன உனக்கு வருதா?” வருது என்பேன். அது பொய்யில்லை. நிஜமாகவே வந்தது!

பிறகு சர்க்கரை அவன் கண்ணைப் பிடித்தது. லைசென்ஸைப் புதுப்பிக்க முடியவில்லை. ஹாரன் நின்றது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் குடையோடு கடைக்கு வந்து உட்கார ஆரம்பித்தான்.

அப்போதுதான் என் கள்ளத்தனம் பிடிபட்டது. பேனர் வேலை இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரில் நான் ரகசியமாக லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். விளையாட்டுதான். சிரிக்காதீர்கள். நம் ஊர் இளைஞர்கள் யாரோ தொப்பூர் சாலையையே செய்து அதற்கென்று இணையத்தில் போட்டிருந்தார்கள். அதில் எத்தனை முறை கணவாய் இறங்கினேன் தெரியுமா? ஒரு நடுக்கமும் இல்லை. அட்டை மலை, அட்டை மரம்... விழுந்தாலும் அட்டையில்தானே! துணிச்சல் வந்துவிட்டது என்றே நம்பினேன்.

சவரி திரையில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தான்.

“இன்னாடா இது?”

“லாரி மாப்ள. கணவாய்.”

“கணவாயா? யாரோ பாய விரிச்சி வெச்ச மாதிரி இருக்குது. அந்த வளைவுல புங்கமரம் எங்க? செவுத்துல கறுப்புப் பட்ட எங்க?”

வேறு யாராவது என்றால் விட்டிருப்பேன். ஆனால் அவன் அடுத்துச் சொன்னது என்னைக் கட்டிப்போட்டது. “டாக்டரு ஓரமெல்லாம் இருட்டிக்கிட்டே வரும்னுட்டாரு. முழுசா மூடறதுக்குள்ள ஒருக்கா கணவாய் எறங்கணும்டா, கேபின்ல ஒக்காந்து.”

“தெரிஞ்ச டிரைவருங்க கூட ஒருநாள் போயிட்டு வாயேன்.”

“எவன் வண்டியிலயோ நான் கிளீனராட்டம் ஒக்காரணுமா? நீ ஓட்டு. நீ எறக்கி நான் பாக்கவே இல்லியேடா.”

என்னால் முடியும் என்று தோன்றியது. அட்டை மலைதானே? வேலையில் இறங்கினேன். விளையாட்டைச் செய்தவன் வரையாததை, விளையாடுகிறவன் வரைந்து உள்ளே செருகலாம். அதற்கு மாட் என்று பெயர். மழைக்கு ஒரு மாட், மரத்துக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று. கம்ப்யூட்டரோ ஏதோ அலுவலகம் கழித்துப் போட்டது. படங்களை வேகமாக ஓட்டுகிற தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. மழையைப் போட்டால் லாரி நின்றது, லாரியை ஓட்டினால் மழை நின்றது.

பேனர்க்காரன் மூளை அங்கேதான் கைகொடுத்தது. தலைவர் முகத்துக்கு மட்டும் தெளிவு, பின்னால் நிற்கிற கூட்டத்துக்கு மங்கல்! தூரத்து மலையின் படங்களைக் கால்வாசியாகச் சுருக்கினேன். புல்லை அழித்தேன். நிழலை நிறுத்தினேன். கடைசியில் லாரியின் பக்கக் கண்ணாடிகளையும் அணைத்தேன், அவைதான் கம்ப்யூட்டரின் சக்தியை அதிகம் தின்றன. மிச்சம் பிடித்ததையெல்லாம் சாலைக்கும் சுவருக்கும் கொடுத்தேன். பாறையைப் படம் எடுக்கச் சேலம் பஸ்ஸில் போனேன். ஜன்னல் பக்கம் கையை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். பாதிப் படங்களில் என் விரல், மீதியில் முன்சீட்டு அம்மாவின் கனகாம்பரம். தேறியது நாலைந்துதான்.

சவரி தினமும் சொல்லச் சொல்ல, நான் வரைந்து செருகினேன். புங்கமரம் வந்தது. கறுப்புப் பட்டை வந்தது. “ரோட்டுல டீசல் கற இருக்கணும்டா, மழையில மயில் கழுத்தாட்டம் மின்னும்” என்றான். அதுவும் வந்தது. அந்த மத்தியானங்களில் நாங்கள் மறுபடி ஒரே வண்டியில் போய்க்கொண்டிருந்தோம்... நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாம் கூடிவந்த அன்று தூறலைப் போட்டு வண்டியை இறக்கினேன். சவரி இடது பக்கம் ஸ்டூலில். முதல் வளைவு. ஈரச் சுவர். அதன் உடைசலை நானே என் கையால் வரைந்திருந்தேன், அவ்வளவு அச்சாக! தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது, பக்கத்தில் டீ ஆறுகிறது, நாற்காலியின் நான்கு காலும் சிமெண்டுத் தரையில் இருக்கின்றன. ஆனாலும் நான் மலையிலிருந்து விழுந்துகொண்டிருந்தேன். மேசை விளிம்பைப் பிடித்தேன். கால் தானாக நீண்டு மேசைக்கடியில் இருந்த பிளக்கை உதைத்தது. திரை கறுத்தது.

“என்னாச்சி?”

“கம்ப்யூட்டர் தாங்கல மாப்ள. பழைய பொட்டி.”

“அதுக்கும் முதுகுவலியா?” என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். இருபது வருடத்தில் ஒரு அங்குலம்கூட நகரவில்லை நான்! அன்று முதுகைக் காட்டிக்கொடுத்தேன், இன்று பெட்டியை.

சில வாரங்கள் கழித்து மஞ்சப்பையோடு வந்தான். உள்ளே துண்டில் சுற்றி ஒரு கிராபிக்ஸ் கார்டு. ஓசூரில் இருக்கிற மருமகனை நச்சரித்து, யாரோ கழற்றிப் போட்டதை வாங்கிவரச் சொல்லியிருக்கிறான்.

“இந்தா. இது பொட்டிக்குத் தைலம்.”

மாட்டினேன். மாட்டாமல் என்ன செய்வது? மழையும் ஓடியது, லாரியும் ஓடியது. நிழலைப் போட்டேன், புல்லைப் போட்டேன். பக்கக் கண்ணாடிகளையும் திறந்தேன். வந்த வழி முழுக்க அதில் தெரிந்தது. சொல்வதற்கு இனி ஒரு சாக்கும் மிச்சமில்லை.

வண்டியைக் கணவாயின் மேலே கொண்டுவந்து நிறுத்தினேன். வைப்பர் போய்ப்போய் வந்தது. சவரி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“எறக்கு மாப்ள.”

விரல் பொத்தான்மேல் இருந்தது. அமுங்கவில்லை.

“சவரி...”

“இன்னா?”

பயம்டா. அதுதான் வாய்வரை வந்தது. சத்தியமாக வந்தது...

“முதுகு...” என்றேன்.

அவன் எழுந்து ஃபிளெக்ஸ் சுருள்களுக்குப் பின்னால் போனான். பாட்டில்கள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தம். பிறகு புது மூடியின் சீல் உடைகிற சத்தம். அது எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும். திரும்பி வந்து என் சட்டையைத் தூக்கினான்.

“எங்கடா?”

“வலது பக்கம்.”

கை நின்றது.

“அன்னிக்கு எடது பக்கம்னு சொன்ன.”

வைப்பர் மட்டும் ஓடியது. அவன் என்ன நினைத்தான்? அன்றுதான் தெரிந்ததா, ஆரம்பத்திலிருந்தே தெரியுமா? கேட்க எனக்குத் துணிவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கை வலது பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தது.

“எடம் மாறியிருக்கும்,” என்றான்.

அந்த லாரி இன்னும் கணவாயின் மேலேயே நிற்கிறது. தினமும் மத்தியானம் அதைத் திறந்து வைக்கிறேன். அவன் வந்து பக்கத்தில் உட்காருகிறான். ஒருவரும் அவசரப்படுவதில்லை.

நேற்று மூக்கு திரையில் படுகிற அளவுக்குக் குனிந்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்:

“மழ வுட்டுடுச்சாடா?”

திரையெல்லாம் நான் வரைந்த மழை, அவன் கண்ணுக்கு முன்னால், சாரை சாரையாகப் பெய்துகொண்டிருந்தது.

“இல்ல மாப்ள. இன்னும் பெய்யுது.”

“அப்ப வண்டி நிக்கட்டும்,” என்றான்.