மிளகாய் மெஷினுக்கு மேலே ஒரு ஹெட்செட்

தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் உள்ள அந்த செல்போன் கடையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் வேட்டியில் போயிருந்தேன். வேட்டியில் மிளகாய்த்தூள் கறை இருந்தது. மாவு மில் வைத்திருக்கிறவன் வேறு எப்படி இருப்பான்? மைக்கோடு, காதை முழுசாக மூடுகிற மாதிரி ஒரு நல்ல ஹெட்செட் வேண்டும் என்று தெளிவாகத்தான் கேட்டேன். கடைக்காரனுக்கு என் மகன் வயது இருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, காதுக்குள் சொருகுகிற ஒரு வயரை எடுத்துப் போட்டான்.

"இது பாட்டு கேக்க நல்லா இருக்குங்க தாத்தா."

"நான் பாட்டா கேட்டேன்?"

"காதை மூடறதெல்லாம் கேம் ஆடற பசங்க வாங்கறதுங்க. நீங்க என்னா, துப்பாக்கி சுடப் போறீங்களா?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

"சுடறேன், சுடல, அது என் இஷ்டம். கடையில சரக்கு இருக்குதா இல்லியா, அதச் சொல்லு."

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பொம்மிடி ஸ்டேஷனில் மூட்டை தூக்கினேன். ஒருவருடைய மில்லில் மாவு அள்ளினேன். அப்புறம் கடத்தூர் போகிற சாலையில் சொந்தமாக மில் போட்டேன். கேழ்வரகுக்கும் கம்புக்கும் ஒரு மெஷின், மிளகாய்க்கும் மல்லிக்கும் தனி மெஷின். மில்லுக்கு மேலேயே வீடு கட்டினேன். எனக்கு யாரும் ஒரு செங்கல் எடுத்துக் கொடுக்கவில்லை. என் மில்லில் அரைக்கிற நைஸ் இந்தப் பக்கத்தில் வேறு எங்கேயும் கிடையாது. இண்டூரில் இருந்து பைக்கில் மூட்டை வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்டவனை ஒருத்தன் பொம்மைத் துப்பாக்கியா வேண்டும் என்கிற மாதிரிக் கேட்டால் கோபம் வராதா?

ஹெட்செட் என் மருமகளுக்கு. என் மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான், வாரக் கடைசியில் வருவான். மருமகள் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தே போனில் பேசுகிறாள். யார் வீட்டிலாவது ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ கெட்டுப்போனால் கூப்பிடுவார்கள், இவள் பதில் சொல்வாள். அவள் பிறந்த வீட்டில் கன்னடம் பேசுவார்கள். அதனால் தமிழிலும் பேசுவாள், கன்னடத்திலும் பேசுவாள். பேத்தி பிறந்த பிறகு வீட்டில் இருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனி விட்டிருந்தது. நெட் ஒழுங்காகக் கிடைப்பது மாடியில் முன் அறையில் மட்டும்தான். அந்த அறைக்கு நேர் கீழே மிளகாய் மெஷின்.

பங்குனி, சித்திரை என்றால் மிளகாய் அரைக்க ஜனம் வரிசை கட்டும். மெஷின் போடுகிற கூச்சல் அவளுடைய போனுக்குள் போய்விட்டது. ஃபிரிட்ஜ் கெட்டுப்போனவர்கள் கம்பெனிக்குப் புகார் சொல்லிவிட்டார்கள். இன்னொரு முறை புகார் வந்தால் பெங்களூர் ஆபீசுக்கே வந்து உட்கார வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான்.

"வேலைய உட மாட்டேன் மாமா. அவ்வளோ கஷ்டப்பட்டு வாங்கனது" என்றாள் மருமகள்.

அப்படியென்றால் பெங்களூர் போவாள். பேத்தியும் போவாள். மகன் ஓசூரில் இருந்து அங்கேயே குடித்தனத்துக்குப் போய்விடுவான். நான் கட்டின மாடியில் நானும் என் சம்சாரமும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இதற்கா வீடு கட்டினேன்? அதனால்தான் அந்தக் கடையில் அவ்வளவு பேச்சையும் வாங்கிக்கொண்டு நின்றேன்.

கடைசியில் இரண்டு ஹெட்செட்டைக் காட்டினான். ஒன்றில் காது மூடிக்குப் பின்னால் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது.

"இது என்னாத்துக்கு ஓட்டை?"

"அது ஓப்பன்ங்க. சத்தம் நல்லா விரிஞ்சி கேக்கும்."

"ஓட்டை இருந்தா வெளிச் சத்தம் உள்ள வருமா வராதா?"

"வரும்."

"அப்ப அத எடுத்து உள்ள வை."

இன்னொன்று பின்பக்கம் முழுசாக மூடியது. காது மேலே உட்காராமல் காதைச் சுற்றி உட்கார்ந்தது, தலையை இறுக்கிப் பிடித்தது. பக்கத்தில் நீல விளக்கு எரிந்தது. "லைட்டு எதுக்குடா, காதுக்குள்ள கரகாட்டமா நடக்குது?" என்று கேட்டேன். கேம் ஆடுகிற பிள்ளைகளுக்கு அது பிடிக்கும் என்றான். நான் மெஷின் வாங்கினால் ஓடவிட்டுக் கேட்டுத்தான் வாங்குவேன். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தெருவுக்கே போய்விட்டேன். கடைக்காரன் கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தான். அவன் கத்தினது எனக்குக் காதில் விழவில்லை. சேலம் பஸ் ஒன்று முகத்துக்கு நேராக ஹாரன் அடித்தது; கிணற்றுக்குள் இருந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது. இதுதான் சரக்கு என்று வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அதற்கு இரண்டு முனை, அவளுடைய லேப்டாப்பில் ஒரு ஓட்டை. அதைச் சொல்ல அந்தக் கடைக்காரனுக்கு வாய் இல்லை. இரண்டு முனையை ஒன்றாக்குகிற வயருக்காக மறுபடியும் தர்மபுரிக்கு பஸ் ஏறினேன். போய் அவனை நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வயரை வாங்கினேன். அடுத்தது தோடு. மூடி அழுத்தினதில் தோட்டுத் திருகு அவள் கழுத்தில் குத்தியது. அவள் சின்னக் கம்மலுக்கு மாறிக்கொண்டாள். அதற்கும் மேலே எங்கள் ஊர் வெயில். அந்த ரெக்சின் மூடிக்குள் காது வேர்த்து ஊறிப்போகிறது என்றாள். என் சம்சாரம் பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு உறை தைத்துக் கொடுத்தாள். இவ்வளவு பெரிய கம்பெனிக்காரன் காதுக்கு வேர்க்கும் என்று யோசிக்க மாட்டானா?

ஆனால் முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு அவள் மாடிப்படியில் நின்று, "மில்லு ஓடுதா ஓடலியான்னே தெரியல மாமா!" என்றபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மில்லுக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். நான் பார்த்து எடுத்த சாமான் தப்பாகுமா என்று.

அன்று சாயங்காலமே சூப்பர்வைசர் கூப்பிட்டுவிட்டான். சத்தம் அப்படியேதான் இருக்கிறது. அதோடு மருமகள் வேறு கத்திப் பேசுகிறாளாம்.

"எப்புடி? உனக்குத்தான் ஒண்ணும் கேக்கலியே?"

"என் காதுதான் மாமா மூடியிருக்குது. மைக்கு தொறந்துதானே இருக்குது? மில்லு சத்தம் அது வழியா அந்தாண்ட போவுது. எங் குரலும் எனக்குச் சரியாக் கேக்க மாட்டங்குது, அதான் கத்தறேன்."

எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பஸ் ஹாரன் என் காதுக்கு வருகிறதா என்று பார்த்தேனே தவிர, நான் பேசினால் எதிராளிக்கு என்ன போகிறது என்று பார்க்கவில்லை. கடைக்காரனும் சொல்லவில்லை. சொல்லாதவன் மேல்தான் எனக்கு அதிகக் கோபம்.

இரண்டு நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு சூப்பர்வைசரே கூப்பிட்டு லைனைச் சோதித்துப் பார்ப்பதாக இருந்தது. அதில் தேறாவிட்டால் பெங்களூர்தான். மருமகள் கீழே இறங்கி வந்தாள்.

"மாமா, அந்த நேரத்துக்கு மட்டும் மிளகா மெஷினை நிறுத்திக்கலாங்களா?"

"என் மில்லை நிறுத்துன்னு சொல்ல அவன் யாரு? அவனா வந்து கரண்ட் பில்லு கட்டறான்? ஜனம் நிக்குது பாரு."

அவள் அப்படியே திரும்பி மேலே போனாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நாலு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் தேவலாம்.

பதினோரு மணி தாண்டியிருக்கும். மெஷின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே பேத்தி வீல் என்று அலறினாள். அந்தச் சத்தம் மட்டும் எந்த மெஷின் ஓடினாலும் எனக்குக் கேட்கும். ஓடினேன். படியில் சிந்தியிருந்த மிளகாய்த்தூளைத் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கியிருக்கிறது குழந்தை. மருமகள் ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். என் சம்சாரம் தண்ணீர் மொண்டு ஊற்றினாள்.

நான் மேசை அருகே நின்றேன். லேப்டாப்பில் நிமிஷக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. லைன் இருக்கிறது என்று புரிந்தது. ஹெட்செட்டில் இருந்து வெளியே ஒரு சத்தம் இல்லை. மூடின சாமான் ஆயிற்றே. எடுத்து மாட்டினேன்.

உள்ளே சூப்பர்வைசர் பேசிக்கொண்டிருந்தான். என் மருமகளிடம் இல்லை, பக்கத்தில் இருந்த யாரிடமோ. "கிராமத்துல இருந்து வேலை பாக்க விட்டா இப்பிடித்தான். மாவு மில்லுல உக்காந்துகிட்டு ஆபீஸ் வேலை. திங்கக்கிழமை இங்க வரச் சொல்லிட வேண்டியதுதான்." இரண்டு பேரும் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் கண்ணை மறைத்தது.

"ஏண்டா, மாவு மில்லுன்னா உனக்கு அவ்வளோ எளக்காரமா? நீ காத்தால என்னாத்தத் துன்னுட்டு வந்த? எங்க வூட்டு மெஷின் மாதிரி எங்கியோ ஒரு மெஷின் கத்துனாத்தான்டா உன் தட்டுல சாம்பார் இருக்கும். மூட்டை தூக்கி, மாவு அள்ளி இந்த மில்லைப் போட்டவன்டா நானு. எம் மருமவ சின்னக் கொழந்தைய இடுப்புல வெச்சிக்கிட்டு உங்க கெட்டுப்போன ஃபிரிட்ஜுக்கெல்லாம் பதில் சொல்றா. அவள வரச் சொல்ல நீ யாருடா? தைரியம் இருந்தா நீ வாடா இங்க, என் மில்லுல ஒரு படி மிளகா அரைச்சிக் காட்டு!"

கன்னடத்திலும் கொஞ்சம் தெரியும். பெங்களூர் லாரிக்காரர்களிடம் கற்றுக்கொண்டது. அதையும் மிச்சம் வைக்காமல் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

திரும்பினால் மருமகள் வாசலில் நிற்கிறாள். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. அவளைப் பெங்களூருக்கு அனுப்ப அவன் வேண்டியதில்லை, என் வாயே போதும் போலிருந்தது. பேத்தி உள்ளே அழுதுகொண்டிருந்தாள். ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

அவள் கிட்டே வந்து என் தலையைப் பார்த்தாள். ஹெட்செட்டின் மைக் தண்டு என் நெற்றிப் பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னா?"

"மாமா... தண்டை மேல தூக்கினா மைக்கு ஆஃப் ஆயிடும். நான் பாப்பாவப் பாக்கப் போவறப்ப தூக்கி உட்டுட்டுத்தான் போனேன். நீங்க பேசனது ஒரு வார்த்த கூடப் போயிருக்காது."

காதுக்குள் அவன் குரல் வந்தது. "ஹலோ? மேடம், இருக்கீங்களா? இப்ப லைன் சுத்தமா இருக்கே. எந்தச் சத்தமும் வரலியே."

இத்தனை வருஷத்தில் நான் திட்டின திட்டிலேயே அதுதான் முதல்தரமானது. ஒரு வார்த்தை பிசகவில்லை, எங்கேயும் தடுமாறவில்லை. அதைக் கேட்டது என் மருமகளும் நாலு சுவரும்தான். அவன் என்னடா என்றால் சுத்தமாக இருக்கிறது என்கிறான்!

மருமகள் ஹெட்செட்டைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். தண்டை இறக்குவதற்கு முன்னால் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. நான் படி இறங்கிப் போய் மிளகாய் மெஷினின் ஸ்விட்சை இறக்கினேன்.

பெல்ட் சுற்றி நின்றது. வரிசையில் இருந்தவர்களில் என் மச்சான் முறை ஒருவன். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்னா மாமா, கரண்டு இருக்குது, மெஷினு நிக்குது? மேல இருந்து ஆர்டர் வந்துட்டுதா?"

"வந்துட்டுது."

"மருமவளுக்குப் பயந்துட்டீங்கன்னு சொல்லுங்க."

"பயந்துதான்டா நிறுத்தனேன். அவ போயிட்டா எம் பேத்தியும் போயிடுவா. உனக்கு என்னாடா? நிக்கறதுன்னா நில்லு, இல்லன்னா மூட்டையத் தூக்கிக்கிட்டுக் கடத்தூருக்குப் போ. அங்க அரைச்சிக்கிட்டு, சல்லடையில சலிச்சிக்கிட்டு உக்காரு!"

பெங்களூர்க்காரனுக்குப் போய்ச் சேராத திட்டில் பாதி அவனுக்குக் கிடைத்தது. மீதியை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். வெயிலில் நின்ற ஒரு பெண், "எங்க மேல என்னாத்துக்குங்க பாயறீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. மெஷின் இல்லாமல் மில் எப்படி இருக்கும் என்று எனக்கே மறந்துபோயிருந்தது. மேலே அவள் தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறிப் பேசுவது கேட்டது. கத்தவில்லை, நிதானமாகப் பேசினாள். அப்புறம் பேச்சு நின்றது. நான் மாடிப்படியையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாயாடி மச்சானும் பேச்சை நிறுத்திவிட்டுப் படியைப் பார்த்தான்.

பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். குழந்தையின் ஒரு கண் சிவந்திருந்தது.

"இங்கயே இருந்து பாக்கச் சொல்லிட்டாருங்க மாமா. கூப்புடறவங்க பேசறப்ப தண்டை மேல தூக்கிடறேன், நான் பேசறப்ப மட்டும் வாய் ஓரத்துல எறக்கிக்கறேன். கிட்ட வெச்சிப் பேசினா மில்லு சத்தம் அவ்வளோ எடுக்காது. முன்னயே எனக்குத் தோணல."

"அந்த ஆளு நம்பரக் குடு."

"எதுக்குங்க?"

"மைக்கை எறக்கி வெச்சி ஒரு தடவ பேசணும்."

"வேண்டாங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் பேத்தியை என் கையில் கொடுத்தாள். "மெஷினைப் போடுங்க. ஜனம் வெயில்ல நிக்குது."

குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்விட்சைத் தூக்கினேன்.