கதாநாயகியின் கைகள்

ஸ்டூடியோவில் அவளுக்கு ‘ஒரே டேக்’ என்று பெயர். பாடுகிறவர், வயலின்காரர்கள், புல்லாங்குழல்காரர் எல்லாரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து, ஒரே மூச்சில் பாட்டைப் பதிவு செய்த காலம் அது. கடைசி வரியில் ஒருவர் பிசகினாலும் நாற்பது பேரும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பதினாறு வருஷத்தில் அவளுடைய பியானோவால் ஒரு தடவைகூட அப்படி ஆனதில்லை. அதற்காக யாரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவில்லை. படத்தில் பெயரும் போடவில்லை.

கல்யாணமான புதிதில் மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வாசிக்கலாம், சம்பாதிக்கலாம், ஆனால் திரையில் தெரியக் கூடாது. தெரிந்தால் அன்றோடு வேலைக்கு முழுக்கு. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த கணவர், அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாதவர். இத்தனைக்கும் அந்த அம்மாள் சினிமா விரோதி இல்லை. எந்தப் படம் வந்தாலும் முதல் வாரமே பார்த்தாக வேண்டும். ஊரார் வீட்டுப் பெண்கள் ஆடினால் வாய் நிறையப் பாராட்டுவார். தன் வீட்டுப் பெண் தலைகாட்டக் கூடாது. இந்த நியாயத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பதினேழாவது வருஷம் ஒரு படத்தில் கதாநாயகி பியானோ டீச்சராக வந்தாள். மூன்று நாள் சொல்லிக்கொடுத்தும் அவள் விரல்கள் கோழி தானியம் கொத்துவதுபோலவே கொத்தின. டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டடத்தில் ஒலிப்பதிவில் இருந்த ‘ஒரே டேக்’கைக் கூட்டிவரச் சொன்னார். முழங்கைக்குக் கீழேதான் தெரியும் என்றார்கள். நடிகையின் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கைக்கு என்ன முகமா இருக்கிறது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். வீட்டில் மூச்சு விடவில்லை.

ஆறு மாதம் கழித்து மாமியார் அந்தப் படத்துக்கே டிக்கெட்டோடு வந்து நின்றார். தலைவலி என்றாள், மாத்திரை கொடுத்தார்கள். துணி துவைக்கக் கிடக்கிறது என்றாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தியேட்டரில் கணவருக்கும் மாமியாருக்கும் நடுவில் அவள். பியானோப் பாட்டு இடைவேளைக்கு அப்புறம் என்று அவளுக்குத் தெரியும். இடைவேளையில் வாங்கிய காபியை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டாள். வீட்டுக்குப் போகலாமா என்று கணவரிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தாள். நல்ல கட்டத்தில் எழுந்து போவதாவது என்று அவர் முறைத்தார்.

பாட்டு வந்தது. திரை முழுக்க இரண்டு கைகள். சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி வெளிப்பக்கமாக வளைந்த இடது சுண்டுவிரல், ஆள் உயரத்துக்கு நின்றது. மோதிரத்தைக் கழற்றத் தெரிந்தவளுக்கு இது எப்படி மறந்துபோனது? கல்யாணமான முதல் வாரமே அந்த விரலைக் கண்டுபிடித்து விசாரித்தவர் மாமியார். இப்போது அவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்து உற்றுப் பார்த்தார். அவள் மடியில் கையை மறைத்துக்கொண்டு உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பதினேழு வருஷமும் அந்தப் பார்வையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாமியார் திரும்பினார்.

“பாத்தியா, இந்தப் படத்துக்காகவே கத்துக்கிட்டாளாம். என்னமா வாசிக்கிறா! நீயும்தான் இத்தனை வருஷமா தட்டுற.”

“அவ ஆர்ட்டிஸ்ட்ம்மா” என்றார் கணவர்.

தப்பித்தாயிற்று. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை நேரம் இருந்த பயம் போன இடம் தெரியவில்லை.

“அத்தை, அது என் கை.”

முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் அவள் இடது கையை வெடுக்கென்று இழுத்து, திரை வெளிச்சத்தில் பிடித்து, சுண்டுவிரலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். கையை விட்டுவிட்டார். படம் முடிந்து வீட்டுக்கு வந்தார்கள்.

வாசல் கதவைத் திறந்ததும் மாமியார் மகனைப் பார்த்துச் சொன்னார்: “நாளையிலேருந்து அவ போக வேண்டாம்.”

கணவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

“காலையில ஒம்பது மணிக்கு ரெக்கார்டிங் இருக்கு அத்தை. நான் போவேன்” என்றாள்.

போனாள். அதற்கப்புறமும் பத்தொன்பது வருஷம் போனாள். இன்னும் நாலு நடிகைகளுக்குக் கை கொடுத்தாள். மாமியார் சாகும்வரை அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, பிடித்த பிடியை விடாதவர். ஆனால் சினிமாவுக்குப் போவதை விடவில்லை, அவளை விட்டுவிட்டும் போகவில்லை. திரையில் எவளாவது பியானோ முன்னால் உட்கார்ந்தால் போதும், மகன் பக்கம் சாய்ந்து, “இது அவ கையான்னு கேளுடா” என்பார்.

அவள் அடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பாள்.