மஞ்சள் துணி கட்டிய மரம்

கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் எல்லாரும் பெண்ணைப் பார்ப்பார்கள். அகல்யா, காற்று எந்தச் சன்னல் வழியாக வருகிறது என்று பார்ப்பாள். மெர்லிமாவில் பஸ் ஓட்டியவரின் மகள், இன்று கட்டடக் கலைஞர். அவளுடைய கட்டட வேலைகளை மேற்பார்வையிடும் எனக்கு இந்தக் கிறுக்கு பழகிவிட்டது. எரிச்சல் மட்டும் போனபாடில்லை.

டுரியான் துங்காலில், அணைக்கட்டுக்குப் பக்கத்தில், ஒரு கம்பெனிக்கு அலுவலக வளாகம் கட்டுகிறோம். ஏர்கோன் அதிகம் ஓடாமலே குளுமையாக இருக்க வேண்டும், எல்லாரும் கூடி உட்காரப் பச்சையாக ஓர் இடம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நிலத்தின் நடுவில் பெரிய தூங்குமூஞ்சி மரம். அதைச் சுற்றிக் கட்டடங்களை எழுப்பி, இடையில் காற்றுக்கு வழி விடுவது அகல்யாவின் திட்டம். கம்பெனி மேலாளர் காந்தனுக்கோ அந்த இடத்தில் கார் நிறுத்த வேண்டும். நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இருந்தார்.

காற்று எப்போது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அறிய அகல்யா கிளைகளில் துணி கட்டினாள். தூரத்திலிருந்து தெரிய வேண்டுமாம், மஞ்சள் துணி. அட, கட்டுவதுதான் கட்டினாள், நீலத்தில் கட்டியிருக்கக் கூடாதா!

மறுவாரம் போனால் மரத்தடியில் எலுமிச்சம்பழம், சூடம், ஒரு சுருட்டு. மண்வாரி இயந்திரம் ஓட்டும் வீரமுத்து அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"முனியாண்டி குடியிருக்கார் தம்பி. மிஷின இந்தப் பக்கம் கொண்டார மாட்டேன்."

எனக்கு ஒரே குஷி. "வாயத் தொறக்காத. மரம் தப்பிச்சிரும்லா," என்று அகல்யாவின் காதில் சொன்னேன்.

காந்தன் வந்தார். சூடத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி இருக்குற எடம். கை வைக்க வேணாம். சுத்தி வேலி போட்டுப் பூட்டிருங்க."

அகல்யாவின் முகம் விழுந்துவிட்டது. வேலி போட்டால் மரம் இருக்கும், அதன் கீழே ஒருத்தரும் உட்கார முடியாது.

"சார், சாமி இல்ல. காத்து பாக்க நான் கட்டுன துணி."

படுபாவி, சொல்லியே விட்டாள்!

"அப்ப வெட்டிரலாம்லா?"

"வெட்டலாம். அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் இங்க நில்லுங்க சார்."

உச்சி வெயில். காந்தன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி நின்றார். துணிகள் அசையாமல் தொங்கின. பிறகு அணைக்கட்டுப் பக்கத்துத் துணி ஆடியது. ஒவ்வொன்றாக எல்லாமே ஆடின.

"எப்பவும் இந்த நேரம் வருமா?" காந்தன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் பாத்த வரைக்கும் மத்தியானம் வந்துருது சார். மரத்த வெட்டித் தார் போட்டா இதே காத்து அனலா வரும், உள்ள ஏர்கோன்தான் கதி."

அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். கார் நிறுத்துமிடத்தைப் பின்பக்கம் தள்ளி வரையச் சொன்னார். வேலியும் வேண்டாமாம்.

அகல்யா வீரமுத்து அண்ணனிடம் போனாள். "மன்னிச்சிருங்கண்ணே. சாமின்னு நம்பி வேண்டிக்கிட்டீங்க. என்ன கேட்டீங்க?"

"இந்த மரத்த என் கையால சாய்க்க விட்டுராதன்னு கேட்டேன்மா," என்றார் அவர், செருப்பை மாட்டிக்கொண்டே.