வண்டி இல்லாத ரசிகன்

விஜயபாண்டி நெய்வது கட்டுத்துணி. ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு தறிக்கூடத்தில் அவன் ஓட்டுகிற பேண்டேஜ் துணி எந்தெந்த ஊர் ஆஸ்பத்திரிக்கோ போகிறது. "நெய்யிறதும் நீங்க, மண்டைய ஒடச்சு ஆள் அனுப்பி வைக்கதும் நீங்க. மொதலாளி உங்களுக்குத் தனியா ஒரு சம்பளம் போடணும் மாமா" என்பாள் அவன் மனைவி சத்யப்பிரியா. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அடுத்தவர் சிரித்தால் அவளுக்குப் பிடிக்காது.

மண்டை உடைவது மாட்டுவண்டிப் பந்தயத்தில் மட்டும்தான். வீட்டில் அவன் குரல் உயர்ந்ததில்லை. தறியில் இழை அறுந்தால்கூட அதனிடம் சமாதானம் பேசுவதுபோல் முடிச்சுப் போடுகிற ஆள். சொந்தமாக ஒரு கோழி வளர்த்தவனில்லை. ஆனால் கூமாப்பட்டி சௌந்தரபாண்டியனின் காளை ஜோடி தார்ச்சாலையில் இறங்கிவிட்டால், அவன் ரத்தம் தலைக்கு ஏறி அங்கேயே குடியிருந்துகொள்ளும்.

அவனுக்குப் பிடிக்காமல் போன முதல் சொல் 'ரூலு'. ஆணி வைத்த தார்க்குச்சியால் மாட்டைக் குத்தக் கூடாது என்று வந்தபோது, சரி, வாயில்லாத சீவன் என்று விட்டுவிட்டான். பிறகு வண்டிக்குப் பின்னால் பைக்கில் போகக் கூடாது என்றார்கள். புழுதிக்குள் கத்திக்கொண்டு கூடவே போவதுதானே பந்தயம்? நின்ற இடத்தில் நின்றால் இரண்டு வாலைப் பார்க்கலாம், அவ்வளவுதான். பைக்கை மறித்த பந்தயக் கமிட்டிப் பையனைக் கருவேல முள்ளுக்குள் தூக்கிப் போட்டுவிட்டு அன்றைக்கு அவன் போனான். அடுத்து வந்தது சாட்டை. சாரதி சாட்டையைக் காற்றில் சுழற்றலாம், மாட்டின் மேல் படக் கூடாது. "பொறவு என்னத்துக்குலே அது? ஈ ஓட்டவா?" என்று டீக்கடையில் கேட்டவன் கையிலிருந்த கிளாஸ், ஒரு கமிட்டிக்காரரின் காதை உரசிப் போய்ச் சுவரில் உடைந்தது.

இந்த வருஷம், செண்பகத்தோப்புச் சாலையில் நடக்கும் அம்மன் கோயில் பந்தயத்துக்கு ரூல் இரண்டு கூடிவிட்டது. வண்டிகள் பெருத்துவிட்டதால், உயரம் குறைந்த காளைகளுக்கான சின்னமாட்டுப் போட்டியை இரண்டு செட்டாகப் பிரித்து, ஒன்று முடிந்தபின் மற்றதை விடுவார்கள். செல்போனில் நேரம் பார்த்து, குறைந்த நேரத்துக்கு முதல் பரிசு. அது ஒன்று. இன்னொன்று, போட்டி முடிவதற்குள் எந்த வண்டியின் ஆள் கை நீட்டினாலும், அவன் வெறும் ரசிகனே ஆனாலும், அந்த வண்டி வெளியே.

இரண்டாவது ரூலை உனக்காகத்தான் எழுதினார்கள் என்று ஊரே அவனிடம் சொல்லிச் சிரித்தது. அவனுக்கு முதலாவதுதான் பொறுக்கவில்லை. "கண்ணு முன்னால முந்தி வந்தவன் செயிச்சவன் இல்லையாம்ட்டி. போனைப் பாத்துச் சொல்லுவாகளாம். அப்போ மாடு என்னத்துக்கு? ரெண்டு போனைப் பூட்டி ஓட விட வேண்டியதுதானே?"

பந்தயத்துக்கு முந்தின நாள் சௌந்தரபாண்டியன் வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஏலே, மாடு ரெண்டும் வளந்துருச்சு. அடுத்த வருசம் சின்னமாட்டுல அளவுக்குள்ள வராது. பெரிய மாட்டோட விட்டா எடுபடாது. அம்மன் கோயில்ல இதுவரைக்கும் ஒருக்கா கூட மொதல்ல வரல. நாளைக்கு விட்டா விட்டதுதான்."

"தெரியும் அண்ணாச்சி."

"நீ வராத."

"வராம இருக்க முடியாது அண்ணாச்சி."

அவர் சத்யப்பிரியாவைப் பார்த்தார். "தாயி, அப்போ இவன் கையை மட்டும் வீட்ல வச்சிக்கோ."

காலையில் அவள் ஒரு முழம் கட்டுத்துணியை எடுத்து அவனுடைய வலது மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினாள். "கை எந்திரிச்சா இதைப் பாருங்க." அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

வனத்துறை அறிவிப்புப் பலகை நிற்கும் இடத்தில்தான் முடிவுக் கோடு. குலுக்கலில் கூமாப்பட்டி ஜோடிக்கு முதல் செட்டு வந்திருந்தது. வண்டிகளை அவிழ்த்துவிட்டதை அறிவிப்பாளர் வைகுண்டராஜ் மைக்கில் சொன்னபோது விஜயபாண்டி பலகைக் கம்பத்தருகே இடம் பிடித்திருந்தான். அப்போதுதான் பின்மண்டையில் பளாரென்று ஓர் அறை விழுந்தது.

"என்னலே கட்டுத்துணி, சௌக்கியமா?"

ஸ்ரீவில்லிபுத்தூரில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கும் சாம்சன். முன்பொரு பந்தயத்தில் எதிர் வண்டிக்குக் கத்தியதற்காக விஜயபாண்டி அவன் மூக்கை உடைத்திருந்தான். அந்த மூக்கு இன்னும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தது.

"சாம்சா, இன்னைக்கு வேண்டாம்லே."

"ஏன், கை வலிக்கா? அடி பாப்போம்." சாம்சன் கன்னத்தில் ஒன்று விட்டான். "நீ அடிச்சா ஒன் வண்டி போயிரும். எனக்கு ஏதுலே வண்டி? இந்த ரூலுக்கெல்லாம் நம்மால ஆகாதுன்னு எங்க ஆளு மாட்ட வித்துட்டாரு. எந்த ரூலு என்னைய வெளிய போடும், சொல்லு!"

விஜயபாண்டி அங்கே விசிலோடு நின்ற கமிட்டிப் பையனைப் பார்த்தான். "ஏலே, இதெல்லாம் ஒன் கண்ணுக்குத் தெரியலையா?"

அவன் சங்கடப்பட்டான். "அண்ணே, ரூலு வண்டி உள்ளவுகளுக்குத்தான். அவரு பொதுமக்கள்ல சேருவாரு."

சாம்சனுக்கு அது போதுமானதாக இருந்தது. முழங்கையால் விலாவில் இறக்கினான். விஜயபாண்டி மடங்கியபோது முழங்காலால் வாயில் ஏற்றினான். உதடு கிழிந்து ஒரு பல் நாக்கில் உதிர்ந்தது. கூமாப்பட்டிக்காரர்கள் நாலைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். பல்லைத் துப்பிவிட்டு விஜயபாண்டி கத்தினான்: "எவனும் கிட்ட வராதீக! கைய ஓங்குனா வண்டி போச்சு!"

அவர்கள் நின்றுவிட்டார்கள். அவன் இரும்புக் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டான். சாம்சன் முதுகில் குத்தினான். இடுப்பில் மிதித்தான். மூக்கு உடைந்த நாளிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் அவசரமில்லாமல் இறக்கினான். ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. கம்பத்தின் மேல் ரத்தம் ஒழுகியது. முகத்துக்கு நேரே மணிக்கட்டுத் துணி சிவந்துகொண்டிருந்தது. விஜயபாண்டி மற்ற கண்ணைச் சாலையைவிட்டு எடுக்கவில்லை.

வளைவில் புழுதி தெரிந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. முன்னால் இரண்டு வண்டி, பக்கத்தோடு பக்கம். சௌந்தரபாண்டியனின் சாரதி ஏர்க்காலில் குனிந்து, சாட்டையை வெறும் காற்றில் சுழற்றிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தான். கூமாப்பட்டி மயிலைக் காளையின் கழுத்து முந்தியது. திமில் முந்தியது. பிறகு வண்டியே முந்திவிட்டது. கொடி இறங்கியது.

"கூமாப்பட்டி! கூமாப்பட்டி முன்னால!" வைகுண்டராஜின் குரல் மைக்கில் உடைந்தது.

விஜயபாண்டி கம்பத்தை விட்டான்.

திரும்பிய வேகத்தில் முதல் அடியே சாம்சனின் தாடையில் விழுந்தது. விறகு பிளப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. விழுந்தவனைச் சட்டையோடு தூக்கி அதே கம்பத்தில் மோதினான். மறுபடியும் மோதினான். சாம்சன் சரிந்தபின் மேலே ஏறி உட்கார்ந்து, வாங்கியதற்கெல்லாம் வட்டி போட்டுக் கொடுத்தான். கமிட்டிப் பையன் விசிலை ஊதிக்கொண்டே இருந்தது அவன் காதில் விழவேயில்லை. மைக் பேசியதுதான் விழுந்தது.

"கூமாப்பட்டி சௌந்தரபாண்டியன் வண்டி, ரசிகர் கை நீட்டியதால் போட்டியிலிருந்து நீக்கப்படுகிறது."

"ஏலே, என்ன பேசுதே?" அவன் எழுந்தான். "பந்தயம் முடிஞ்சிட்டுல்ல! முந்தி வந்துட்டுல்ல! எல்லாரும் பாத்தீகள்ல!"

"பாத்தோம் அண்ணே" என்றான் கமிட்டிப் பையன், எட்டத்தில் நின்றபடி. "ரெண்டாவது செட்டு இன்னும் அவுத்து விடலையே. போட்டி முடியலண்ணே."

விஜயபாண்டி சாலையைப் பார்த்தான். வண்டிகள் புறப்படும் பக்கம், தூரத்தில், அடுத்த செட்டு மாடுகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். வருஷம் முழுக்கத் திட்டித் தீர்த்த ரூல். கொடி இறங்கிய அந்த நொடியில் அது அவன் நினைவிலேயே இல்லை.

சௌந்தரபாண்டியன் வந்தார். ஓடி வரவில்லை, நடந்தே வந்தார். வண்டியிலிருந்து சாட்டையை உருவி எடுத்திருந்தார். அன்றைக்கு எந்த மாட்டின் மேலும் படாத சாட்டை. அது விஜயபாண்டியின் தோளில் விழுந்தபோது சட்டை கிழிந்தது. இரண்டாவது முதுகில். சத்தம் கேட்டு அந்தப் பக்கம் காளைகள் இரண்டும் மிரண்டு வண்டியை இழுத்தன. மூன்றாவது காதோடு சேர்த்து விழுந்தது.

"அண்ணாச்சி, அண்ணாச்சி, கை நீட்டக் கூடாது" என்று விசில்காரன் நடுவில் வந்தான்.

"எனக்குத்தான் இப்ப வண்டி இல்லையேலே!" என்று அவர் கத்தினார். மறுபடியும் ஓங்கினார்.

விஜயபாண்டி நின்றுகொண்டிருந்தான். பிடித்துக்கொள்ளக் கம்பம் எட்டத்தில் இருந்தது. அவன் அதன் பக்கம் போகவில்லை. அவர் கை ஓய்ந்து, சாட்டையைக் கீழே எறிந்துவிட்டு, மாடுகளைத் தடவப் போகிறவரைக்கும் அப்படியே நின்றான்.

ஆஸ்பத்திரியில் இடம் இல்லை. அவனையும் சாம்சனையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். சாம்சனின் தாடையை உச்சந்தலையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சத்யப்பிரியா பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது இருவரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டாவது செட்டு என்ன ஆச்சு?" அவன் கேட்டது அதைத்தான்.

அவளுக்குத் தெரிந்திருந்தது. பஸ் முழுக்க அதே பேச்சுதான். சொல்லாமல் இருக்கலாமா என்று யோசித்தாள். பிறகு சொன்னாள். "நம்ம வண்டி நேரத்துக்கு அதுல ஒண்ணும் வரல. செத்தப் பொறுத்திருந்தா போன் கணக்குலயும் நீங்கதான்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடுவதற்கு ஒன்றுதான் பாக்கி இருந்தது.

பக்கத்தில் சாம்சன் கட்டுக்குள்ளிருந்து பல்லைக் கடித்தபடி முனகினான். "முந்தி வந்தவன்தாம்லே... செயிச்சவன்."

"அதைத்தாம்லே நானும் சொல்லுதேன்" என்றான் விஜயபாண்டி.

"நீரு வாயை மூடும்" என்றாள் சத்யப்பிரியா சாம்சனைப் பார்த்து. "கட்டு நழுவிரப் போவுது."

கிழிந்த சட்டையை விலக்கியபோதுதான் அவள் முதுகைப் பார்த்தாள். குத்தும் மிதியும் அவளுக்குப் பழக்கம். இது வேறு மாதிரி, நீளநீளமாகத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது.

"இது ஆரு?"

"அண்ணாச்சி."

"நீங்க என்ன செஞ்சீக?"

"நின்னேன்."

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் காலையில் போட்ட முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். ரத்தம் காய்ந்து முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள்.

"நிக்கத் தெரிஞ்சிருக்கு" என்றாள். "ஒரு செட்டு பிந்திட்டு."

பிறகு எழுந்துபோய் நர்ஸிடம் கட்டுத்துணி கேட்டாள். அகலமான சுருள் இருந்தால் நல்லது, முதுகு முழுக்கச் சுற்ற வேண்டியிருக்கிறது என்றாள்.